ஆசிருக்கு வந்த அட்டை

நரகத்தைப் பற்றிய சண்டை எங்கள் தெருவில் ஜூலை மாதத்து முதல் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது. நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போதுதான் மாங்காய் மண்டி டைட்டஸ் அண்ணனுடைய போர்வெல் மோட்டாரைப் பிரித்து, கருகின காயிலை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு யூனிஸக்கா ஒரு பெரிய அலுமினியக் குண்டானைத் தூக்கிவந்து வாசல் மண்ணில் கவிழ்த்தாள். கவிழ்த்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

சித்தூர்ப் பக்கத்துப் பங்காருபாளையத்தில் அந்தக் குண்டானைத் தெரியாத கிறிஸ்தவக் குடும்பம் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் திருவிருந்து, முட்டிபோட்டு ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் திராட்சை ரசம் குடிப்பார்கள். அதற்கு முந்தின நாள் யூனிஸக்கா ஊறவைத்த கருப்பு உலர்திராட்சையை அந்தக் குண்டானில் போட்டு, நாலு கிராம்பு தட்டிப்போட்டு, விறகடுப்பில் மெதுவாகக் காய்ச்சி வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். இருபத்தாறு வருஷமாக அந்தச் சபை குடித்தது அவள் கை ரசம்தான். வடிகட்டின சக்கையில் வெல்லம் பிசைந்து ஒரு கிண்ணம் எனக்கு வரும். நான் கோவர்த்தனன், மோட்டார் வைண்டிங் கடைக்காரன், திருத்தணிக்குக் காவடி எடுக்கிற குடும்பம். ஆனாலும் முதல் சனிக்கிழமை வந்தால் அந்தச் சக்கைக்கு நாக்கு ஊறும். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

"ஏன்க்கா, திராட்ச ஊறப்போடலயா?" என்றேன்.

"போடல."

"மறந்துபூட்டியா?"

"மறக்கல. இந்த மாசம் காய்ச்சறதில்ல. அடுத்த மாசமும் இல்ல. எவ கைய காலயாவது புடிச்சி காய்ச்சிக்கச் சொல்லு."

உள்ளேயிருந்து அவள் புருஷன் ஜெபதாஸ் மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். மாங்காய் யார்டில் காய் தரம் பிரிக்கிறவர். "நேத்து சாயங்காலத்துல இருந்து இதான் பேசிக்கினு கீறா கோவர்த்தனா. என் தம்பி எங்க கீறான்னு சொல்லுங்க, அப்பால காய்ச்சறன்னு. நான் எங்கன்னு போயி பாத்துட்டு வர்றது?"

அக்காவின் தம்பி ஆசிர் செத்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. டிராக்டர் ஓட்டுகிறவன். இந்த வருஷம் பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாங்காய் கொட்டிக் கிடந்தது, வாங்கத்தான் ஆளில்லை. மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் இருந்து மூன்று கிலோமீட்டருக்கு டிராக்டர் வரிசை. லோடு தார்ப்பாய்க்குள்ளேயே பழுத்து, அழுகி, ரோட்டில் சாறு ஓடியது. டைட்டஸ் அண்ணன் மண்டியின் லோடை ஏற்றிக்கொண்டு அந்த வரிசையில் நின்ற ஆசிர், மூன்றாம் நாள் மத்தியானம் ஸ்டியரிங் மேல் தலை சாய்த்தபடியே செத்துப்போயிருந்தான். வரிசை நகர்ந்தது, அவன் வண்டி நகரவில்லை. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்து அலுத்து, திட்டுவதற்காக இறங்கிவந்து உலுக்கினபோதுதான் தெரிந்தது. சீட்டுக்கு அடியில் கால் பாட்டில் இருந்தது. ஆசிரின் உடம்பு வீட்டுக்கு வருவதற்குள் அந்தப் பாட்டில் பேச்சு ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது.

ஞானஸ்நானம் எடுத்தவன்தான், ஆனால் கல்யாணத்துக்குத் தவிர கோயில் பக்கம் வரமாட்டான். குடிப்பான், பாடுவான், யார் வீட்டுப் பந்தலுக்கும் கூலி கேட்காமல் கழி நடுவான். போதகரை இங்கே ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஐந்து சபைக்கு ஒரே ஐயர், சித்தூரில் இருந்து வரவேண்டும். அடக்கத்தன்று அவர் வேறு ஊரில் மாட்டிக்கொண்டார். அதனால் சபைச் செயலாளரான டைட்டஸ் அண்ணனே செய்தி கொடுத்தார். தீயில் கிடக்கிற பணக்காரன் நாக்கை நனைக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டுக் கெஞ்சுகிற வேதக் கதையை எடுத்து, பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். நானும் அங்கே நின்றேன். ஜூன் வெயிலில் செத்தவன் பெட்டிக்கு முன்னால் பேசுகிற பேச்சா அது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யூனிஸக்கா அழவே இல்லை. அன்றிலிருந்து அவள் பேச்சு குறைந்துபோனது.

இப்போது பேச ஆரம்பித்துவிட்டாள். அதுவும் தெருவில்.

செய்தி எப்படிப் போனதோ, பத்து மணிக்கு டைட்டஸ் அண்ணன் வெள்ளைச் சட்டையோடு வந்து இறங்கினார். பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு தபிதா டீச்சரம்மா. மிஷன் பள்ளியில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் கையால் காது சிவந்திருக்கும், என் காதும் சேர்த்துத்தான்.

அக்கா யாரையும் சும்மா உட்காரவிடவில்லை. விற்காத மாங்காய் எல்லார் வீட்டிலும் குவிந்து கிடந்த காலம். வாசலில் பாயை விரித்து, இரண்டு கூடை மாங்காயைக் கொட்டி, வந்தவர் கையில் ஆளுக்கொரு கத்தியைக் கொடுத்தாள். வத்தலுக்கு அரிய வேண்டும். நரகத்தைப் பற்றிப் பேசுவதென்றால் கை வேலை செய்துகொண்டே பேசட்டும் என்றாள். நான் மோட்டாரை வாசலுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டேன். இப்படி ஒன்றை விட்டுவிட்டுக் கடைக்குள் உட்கார எனக்குப் பைத்தியமா?

"யூனிஸு, எரிநரகம் நான் கட்டினதாம்மா?" என்று டைட்டஸ் அண்ணன் ஆரம்பித்தார். "வேதத்துல கீது, நான் படிச்சன். பயம்னு ஒண்ணு இல்லன்னா எவன் ஒழுங்கா இருப்பான்? போலீஸ் ஸ்டேஷன எடுத்துட்டா இந்த ஊரு ஒரு நாள் தாங்குமா?"

"ஸ்டேஷன்ல போட்டவனையும் ஒரு நாள் வெளிய வுடறாங்க டைட்டஸு," என்றார் டீச்சரம்மா, மாங்காயைச் சீராக நறுக்கிக்கொண்டே. "எழுபது வருசம் வாழ்ந்தவனுக்கு முடிவே இல்லாத அடியா? எந்தக் கணக்குலயும் அது வராது."

"கர்த்தருக்கு நீங்க கணக்கு சொல்லித் தரப்போறீங்களா?"

"கேட்டாருன்னா சொல்லித் தருவன். தீ கீது, நான் இல்லன்னு சொல்லல. ஆனா போட்டது எரிஞ்சி முடிஞ்சிடும். பதரு எம்மாம் நேரம் எரியும்? ஒரு நிமிசம். அப்பால சாம்பலு. வலி இல்ல, அழுக இல்ல, ஒண்ணுமே இல்ல. அழிவுன்னா அழிவுதான."

பதர் என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவின் கத்தி நின்றதை நான் பார்த்தேன். ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

"அப்ப என் தம்பி சாம்பலு," என்றாள். "அண்ணன் சொல்றாரு அவன் எரிஞ்சிக்கினே கீறான்னு. நீங்க சொல்றீங்க எரிஞ்சே பூட்டான்னு. இது ஆறுதலா டீச்சரம்மா? நாளைக்கு நான் அங்க போனா யாரத் தேடறது? எங்கம்மா சாவும்போது அவன் கைய என் கையில குடுத்துட்டுப் போச்சு. எங்கடி அவன்னு கேட்டா, சாம்பலாயிட்டாம்மான்னு சொல்லட்டா?"

டீச்சரம்மா பாதி அரிந்த மாங்காயைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். 

அதற்குள் தெருவில் ஆள் சேர்ந்துவிட்டது. என் பெண்டாட்டி சுலோசனா, வேடிக்கை பார்க்க வந்தவள், ஒரு கத்தியோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். யாரோ உப்பும் மிளகாய்த் தூளும் கொண்டுவந்து வைக்க, அரிந்ததில் பாதி வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. பதினொன்றரைக்கு ஐயருடைய பைக் வந்தது. ஒபேத் ஐயருக்கு முப்பது வயதுதான் இருக்கும், இன்னும் மீசை ஒழுங்காக வரவில்லை. எல்லாரும் எழுந்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். அவர் பையைத் தோளில் இருந்து இறக்கும்போது உள்ளேயிருந்து ஒரு பாட்டில் உருண்டு மாங்காய்த் துண்டுகளுக்கு நடுவில் விழுந்தது. கடையில் விற்கிற திராட்சை ஜூஸ்.

"ஓ, ரெடியாத்தான் வந்துகீறீங்க," என்றாள் அக்கா.

ஐயர் காது வரைக்கும் சிவந்தார். "இல்லம்மா, ஒருவேளை தேவைப்பட்டா..." என்று அதைத் திரும்பப் பைக்குள் திணித்தார். ஜெபதாஸ் மாமா சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப் பக்கம் போய்விட்டு வந்தார்.

ஐயர் கையிலும் ஒரு கத்தி கொடுக்கப்பட்டது. பாவம், அரியத் தெரியவில்லை, விரலை வெட்டிக்கொள்வாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பேச்சு நன்றாகத்தான் பேசினார். "நரகம்னு இயேசு சொன்ன பேரு, பட்டணத்துக்கு வெளிய இருந்த ஒரு பள்ளத்தாக்கோட பேரும்மா. குப்பை எரிச்ச இடம்னு சில பேர் சொல்றாங்க."

"நம்ம ஊரு குப்பமேடு மாதிரியா?" என்றார் மாமா. ஃபேக்டரிக் கொட்டையும் தோலும் கொட்டுகிற மேடு அது. மழையிலும் உள்ளே கனன்று புகைந்துகொண்டே இருக்கும்.

"அப்படித்தான் வச்சுக்குங்க. ஆனா தீ எதுக்குன்னு பாக்கணும். அழிக்கறதுக்கும் தீதான், சுத்தம் பண்றதுக்கும் தீதான். தங்கத்தை நெருப்புல போடறது தங்கத்து மேல இருக்கற கோவத்துலயா? அழுக்கு போயிடும், ஆள் மிஞ்சுவான்னு நம்பறவங்க சபையில ஆரம்ப காலத்துல இருந்தே இருக்காங்க."

டைட்டஸ் அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "ஐயரே, இத்த நாளைக்கு மேடையில சொல்லிடாதீங்க. எப்டியும் கடைசில எல்லாரையும் கழுவி எடுத்துப்பாருன்னா நாங்க இன்னாத்துக்கு இம்மாம் கஷ்டப்பட்டு நல்லவனா கீறோம்?"

"கஷ்டப்பட்டா அண்ணா இருக்கீங்க?" என்று ஐயர் வெகுளியாகக் கேட்டார். தெருவே சிரித்தது. டைட்டஸ் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் அன்றைக்குக் காலையில் இருந்தே வெளுத்துத்தான் இருந்தது, சண்டைக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவுக்குச் சூடு பிடித்துவிட்டது. "ஏன் டைட்டஸு, அத்த உடு. இதோ குந்திக்கினு கீறான் கோவர்த்தனன். முருகனக் கும்புடறவன். குடி கெடையாது, பொய் கெடையாது. கொரோனா வந்தப்ப எங்க வீட்டுக்கு பதினாலு நாளு சோறு இவன் ஊட்லேர்ந்துதான் வந்துச்சு. சொல்லு, இவன் எங்க போவான்?"

முப்பது தலைகள் என் பக்கம் திரும்பின. என் கையில் ஸ்பேனர். சுலோசனா, நாளைக்கே என்னைத் தீயில் இறக்கப்போகிறார்கள் என்பதுபோல டைட்டஸ் அண்ணனை முறைத்தாள். அவர் என்னைப் பார்த்தார், பிறகு என் காலடியில் பிரிந்து கிடந்த தன்னுடைய மோட்டாரைப் பார்த்தார்.

"கோவர்த்தனன் விசயம்... அத்தயெல்லாம் கர்த்தர் பாத்துப்பாரு," என்றார்.

மோட்டார் வேலை முடிகிற வரைக்கும் எனக்கு நரகம் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

"பாத்துப்பாரா?" யூனிஸக்கா குண்டானை விட்டு எழுந்தாள். "அவன் விசயத்த கர்த்தர் பாத்துப்பாரு. என் தம்பி விசயத்த ஒண்டி நீயே பாத்துக்கினியாண்ணா? பொட்டி மூடறதுக்குள்ள தீர்ப்பு எழுதிட்ட?"

 ஐயர் மெதுவாகக் கேட்டார்: "அம்மா, தப்பா நினைக்காதீங்க. அண்ணன் ஒரு செய்தியில சொன்னாருன்னா அதை நீங்க இவ்வளவு நம்பணுமா? இருபத்தாறு வருஷம் எத்தனையோ செய்தி கேட்டிருப்பீங்க."

"அவரு சொன்னதால இல்ல ஐயரே," என்றாள் அக்கா. "எனக்கு ஜனவரி மாசமே தெரியும்."

வீட்டுக்குள் போய்த் தன் வேதப்புத்தகத்தை எடுத்துவந்தாள். நடுவில் இருந்து சீட்டுக்கட்டுச் சீட்டளவு ஒரு அட்டையை உருவினாள். எனக்கே தெரியும், அது வாக்குத்தத்த அட்டை. புத்தாண்டுக் காலை ஆராதனையில் ஒரு தட்டு நிறைய அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் இருக்கிற வசனம் அந்த வருஷத்துக்குக் கடவுள் அவருக்கென்று கொடுத்த வாக்கு. பீரோவில் ஒட்டுவார்கள், பர்ஸில் வைப்பார்கள். கோயிலுக்கு வராத தம்பிக்காக அக்கா வருஷா வருஷம் இரண்டாவது ஒன்று எடுப்பாள். ஆசிர் அதை டிராக்டரில் மீட்டர் பக்கத்தில் ஒட்டிக்கொள்வான். எல்லாவற்றையும் கிண்டல் பண்ணுகிறவன் அதை மட்டும் கிண்டல் பண்ணமாட்டான்.

அக்கா சத்தமாகப் படித்தாள்: "பதரையோ, அணையாத தீயில் போட்டு எரித்துவிடுவார்."

அட்டையை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினாள்.

"எல்லாருக்கும் சமாதானம், சந்தோசம், ஆசீர்வாதம்னு வந்துச்சு. அவனுக்கு இது. நான் அவன்கிட்ட காட்டல. இன்னாக்கா, என் சீட்டு எங்கன்னு ரெண்டு தபா வந்து கேட்டான். தீந்துபூச்சுடான்னு பொய் சொன்னன். சிரிச்சான். எனக்கு வரும்போது மட்டும் கர்த்தர்கிட்டயே ஸ்டாக்கு இல்லயாக்கான்னான். போன வருசத்துச் சீட்ட வச்சிக்கினே ஓட்னான். ஆறு மாசம் இத்த வயித்துல கட்டிக்கினு கீறன். அவன் குடிச்சி வரும்போதெல்லாம் காலுல வுழுந்து கெஞ்சினன், ஏன்னு சொல்லல. ஜூன்ல பூட்டான். இப்ப சொல்லுங்க, உங்க மூணு பேருல யாரு சொல்றது சரி? அவன் துன்ன முடியாத பந்தியில நான் குந்தறதா? அந்தப் பந்திக்கு ரசமும் நானே காய்ச்சறதா?"

அப்போதுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன், ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டே.

அக்கா மகள் கேசியா அதுவரை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபேக்டரி சோதனைக்கூடத்தில் சீசன் வேலை செய்கிற பெண், இந்த மேயில்தான் டிகிரி முடித்தவள். இந்த வருஷத்து அட்டைகளைக் கம்ப்யூட்டரில் அடித்ததே அவள்தான். தாயின் கையில் இருந்து அட்டையை வாங்கினாள், திருப்பினாள், மறுபடியும் பார்த்தாள்.

"எம்மா, இதுல பூ இல்ல."

"இன்னா பூ?"

"ஒவ்வொரு அட்டைக்கும் மேல பூ வரிச, கீழ அதிகாரம் நம்பர். அப்டித்தான் நான் போட்டன். இதுல கீழ நம்பர் கீது, மேல பூ இல்ல." போனை எடுத்து எதையோ தேடினாள்.  "ஐயோ கர்த்தாவே. எம்மா, நான்தான். இந்த வருசம் அறுவடன்னு தலைப்பு. களஞ்சியம்னு தேடி வந்த வசனத்தயெல்லாம் எளிய தமிழ்ல எழுதிப் போட்டன். எக்ஸாம் நேரம், கடசி வரைக்கும் யோசிச்சுப் பாக்கல. ஒரு வசனம் நீளம் ஜாஸ்தி, கீழ்க் கட்டத்துல எறங்கிடுச்சு. சித்தூர் பிரஸ்ஸுல மெஷின்ல வச்சி எல்லாத்தயும் ஒரே அளவுக்கு வெட்டிட்டான். ரெண்டு அட்டையாயிடுச்சும்மா. இது பாதி வசனம்!"

 எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வசனமே வெட்டுப்பட்டதா! அப்போது இதற்குத் தீர்ப்பு என்று பேரா? டீச்சரம்மா கேசியாவின் காதைப் பிடித்தே விட்டார், பிடித்த கையாலேயே அவளைக் கட்டிக்கொண்டார். ஐயர் "முதல் பாதி எங்கே?" என்றார்.

அதைக் கேட்டிருக்கவே வேண்டாம். ஊருக்கே தெரியும். "கோதுமையைத் தமது களஞ்சியத்தில் சேர்த்து வைப்பார்" என்ற அட்டை, லேமினேஷன் போட்டு, டைட்டஸ் அண்ணன் மண்டியில் எடைமேடைக்கு மேல் தொங்குகிறது. ஜனவரியில் இருந்து, சபையில் எழுந்து சாட்சி சொல்லும்போதெல்லாம் அதைச் சொல்லிவருகிறார். மற்ற அட்டைகளுக்கு இருப்பதுபோல் தன் அட்டையில் அதிகார நம்பர் இல்லை, கர்த்தர் நேராகத் தன்னிடம் பேசியிருக்கிறார் என்று பெருமையாக வேறு சொல்வார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நடங்க," என்றாள்.

போனோம். அக்கா முன்னால், அட்டை கையில். பின்னால் ஐயர், கத்தியை வைக்க மறந்து கையிலேயே பிடித்தபடி. டீச்சரம்மா குடையோடு, மாமா, கேசியா, நான், சுலோசனா, தெரு முழுக்க. டைட்டஸ் அண்ணன் எங்கே நடந்தார் என்றே நான் கவனிக்கவில்லை, கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போனது. பைபாஸ் ரோட்டில் மாங்காய் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. "ஏமயிந்தி அண்ணா?" என ஒரு டிரைவர், என்ன ஆச்சு என்று தெலுங்கில் என்னைக் கேட்டான். நரகத்தில் அச்சுப்பிழை என்றேன். அவன் எங்களோடு சேர்ந்துகொண்டான்.

மண்டியில் கேசியா ஸ்டூல் மேல் ஏறி அந்த அட்டையைக் கழற்றினாள். மேலே பூ வரிசை, கீழே ஒன்றும் இல்லை. அக்காவின் அட்டையை அதன் அடியில் வைத்தாள். மேலே பூ, கீழே நம்பர். எழுத்து நேராக ஓடியது.

"அச்சுத் தப்பும்மா," என்றார் ஐயர், முகமெல்லாம் மலர்ந்து. "இது யாருக்கும் வந்த தீர்ப்பு இல்லை. உங்க தம்பிக்கு எதிரா ஒண்ணுமே இல்லை."

கூட்டம் கைதட்டியது. அக்கா தட்டவில்லை.

"எப்டி ஐயரே? ஆறு மாசமா மேல் பாதி அண்ணனுக்கு வாக்குத்தத்தம். கீழ் பாதி ஒண்டி இப்ப அச்சுத் தப்பா? அவருக்குக் குடுத்தது கர்த்தர்னா எனக்குக் குடுத்ததும் கர்த்தர்தான். ரெண்டும் தப்புன்னா ரெண்டும் தப்பு." அவள் டைட்டஸ் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, ஒண்ணு கேக்கறன். உன்து என் தம்பிக்குக் குடு. அவன்து நீ வச்சிக்க. உனக்குத்தான் பயமே இல்லயே. ஒரு மாசத்துக்கு மாத்திக்கலாம்."

 தராசின் மேல் அழுகின மாங்காய் வாசம். டைட்டஸ் அண்ணன் கை நீட்டினார். மேல் அட்டைக்கு நீட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். கீழ் அட்டையை எடுத்தார்.

"மாத்தத் தேவல. இது எனக்கு வந்ததுதான்," என்றார்.  "அன்னிக்கிப் பதினோரு மணிக்கு ஆசிர் எனக்கு போன் பண்ணான் யூனிஸு. அண்ணா, நெஞ்சு அடைச்சிக்கினு வருது, வேற ஆள அனுப்பு, எறங்கிக்கறன்னான். குடிக்கப் போறதுக்கு நடிக்கறியாடான்னு திட்டினன். எறங்கினா வரிச பூடும், குந்துடான்னன். குந்திக்கினே பூட்டான். ஒரு வார்த்த, எறங்குடான்னு சொல்லியிருந்தா ஆஸ்பத்திரி நூறடியில கீது." அவர் எடைமேடை மேல் உட்கார்ந்துவிட்டார். "அவன் கெட்டவன், அவன் போவவேண்டிய எடத்துக்குத்தான் போனான்னு ஆயிட்டா, நான் பண்ணது ஒண்ணுமில்லன்னு ஆயிடும்னு பாத்தன். அதுக்குத்தான் அந்தச் செய்தி. ஒரு சொட்டுத் தண்ணி கேட்டவன் அவன். இல்லன்னவன் நானு."

ஜெபதாஸ் மாமா பாய்ந்தார், நானும் தெலுங்கு டிரைவரும் பிடித்துக்கொண்டோம். அக்காவை யாரும் பிடிக்கவில்லை. அவள் போய் டைட்டஸ் அண்ணனின் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். ஒரு குத்து, இரண்டு குத்து. வெள்ளைச் சட்டையில் மாங்காய்க் கறை அப்பியது. அவர் தடுக்கவில்லை. மூன்றாவது தடவை கை ஓங்கி, அப்படியே நின்றாள்.

 வெளியே ஒரு டிராக்டர் நகர்ந்து, அடுத்தது நகர்ந்து, அடுத்தது நகர்ந்தது.

"குடு அத்த," என்றாள். அவர் கையில் இருந்து அட்டையைப் பிடுங்கினாள். "அவன எரிய வுட்டுட்டு நான் திருவிருந்து எடுக்கமாட்டன்னு காலையிலேர்ந்து சொன்னன். உன்ன எரிய வுட்டுட்டு மட்டும் எடுப்பனா? எந்திரி."

அவர் எழவில்லை. முகத்தை மூடிக்கொண்டு குழந்தைபோல் அழுதார்.

அக்கா மாங்காய்ப் பெட்டிக்கு ஒட்டுகிற பிரவுன் டேப்பை மேஜையில் இருந்து எடுத்தாள். இரண்டு துண்டையும் பொருத்தி, பின்னால் ஒரு பட்டை, முன்னால் ஒரு பட்டை, பல்லால் கடித்து ஒட்டினாள். ஸ்டூலில் தானே ஏறி, இருந்த ஆணியிலேயே மாட்டினாள். இறங்கி, "கேசியா, கடைக்கு ஓடிப்போயி ரெண்டு கிலோ கருப்பு திராட்ச வாங்கினு வா. ஊறறதுக்கு நேரமில்ல, சுடுதண்ணியில போடணும்," என்றாள்.

மத்தியானம் மூன்று மணிக்குக் குண்டான் நிமிர்ந்து அடுப்பில் ஏறியது. நான் எதிரில் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன், ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்ப ஆசிர் எங்கக்கா? மூணு பேரும் மூணு விதமா சொல்றாங்களே."

விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "தெரியலடா. நாளைக்கி முட்டிபோடும்போது கேப்பன். அடுத்த மாசம் கேப்பன். பதில் சொல்றவரைக்கும் கேட்டுக்கினே இருப்பன். நான் நச்சரிச்சா என்னப் பெத்த நைனாவே கடசில எறங்கி வந்துடுவாரு."

அவசரத்தில் ரசம் அடி பிடித்துவிட்டது. எனக்கே வாசம் வந்தது, அவளுக்கு வராமலா இருக்கும். ஐயர் பயந்து பயந்து அந்தக் கடைப் பாட்டிலை வெளியே எடுக்கப் பார்த்தார். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். பாட்டில் என் கடை மேஜையில் மறக்கப்பட்டுவிட்டது. குடித்துப் பார்த்தேன், வெறும் சர்க்கரைத் தண்ணி.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு மாமா கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். டைட்டஸ் அண்ணன் வந்தாரா என்று கேட்டேன்.

"வந்தான். கடசி பெஞ்சுல குந்திக்கினு முன்னால வரமாட்டன்னுட்டான். உங்கக்கா போயி சட்டயப் புடிச்சி இழுத்துக்கினு வந்து பக்கத்துல முட்டிபோட வச்சா. வாங்கும்போது கிளாசு சிந்தப் பாத்துச்சு. இவதான் புடிச்சிக் குடுத்தா."

"ரசம் எப்டி மாமா?"

"ஒரே தீஞ்ச வாசன. கோயில் பூரா. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல, ஒரு சொட்டு வைக்காம குடிச்சாங்க."

சக்கை கருகிக் கசந்தது. வெல்லம் போட்டும் கசப்பு போகவில்லை. கிண்ணத்தை விரலால் வழித்துத் தின்றேன்.